பதின்மூன்று வயதில் இரண்டு மாற்றங்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கலகலப்பாக இருந்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த சில மாதங்களில் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் இதைப் பல வீடுகளில் பார்க்கலாம். "வயசுக் கோளாறு, தன்னால சரியாயிடும்" என்பார்கள் பெரியவர்கள். அது பாதி உண்மைதான். மீதியைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. 2022ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது.

உடலுக்குள் நடப்பது

பெண்களுக்குப் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மூளையிலிருந்து வரும் சமிக்ஞையால் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு கூடத் தொடங்குகிறது. இவை மூளையிலும் வேலை செய்கின்றன. உணர்ச்சியைக் கிளப்பும் பகுதி முந்திக்கொள்கிறது. நிதானப்படுத்தும் முன்பகுதி முழுதாய் முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். சின்னச் சொல்லுக்கும் பொங்கும் கோபத்துக்கும் அழுகைக்கும் இது ஒரு காரணம்.

ஆனால் ஹார்மோன் மட்டுமே ஒரு பிள்ளையை மனச்சோர்வில் தள்ளுவதில்லை. பரம்பரை, தூக்கம், வீட்டு நிலவரம், பள்ளி எல்லாம் சேர்ந்துதான் தள்ளுகின்றன.

பள்ளியும் தூக்கமும்

உடல் மாறும் அதே வயதில் பாடமொழியும் மலாய்க்கு மாறுகிறது. ஆறு ஆண்டு ஒன்றாக உட்கார்ந்த தோழர்கள் வெவ்வேறு பள்ளிகளுக்குச் சிதறிவிடுகிறார்கள். சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருக்க வேண்டிவருகிறது. என் பார்வையில் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி மாற்றம்தான் பெரிய அடி. தோட்டத்து லயங்களை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களில், குறைகேட்கப் பக்கத்து வீட்டு அக்காவோ பாட்டியோ இல்லை.

இந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனினும் தாமதமாகச் சுரக்கிறது. பத்து மணிக்குப் படுத்தாலும் கண் மூடாது. பள்ளி வேனோ விடியும் முன்னே வாசலில் நிற்கிறது. தேவையான 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் எங்கிருந்து வரும்?

பையன்களையும் பாருங்கள்

பெண் பெரியவளானால் உளுந்தங்களி, முட்டை, நல்லெண்ணெய், சடங்கு என்று வீடே கூடுகிறது. பையனுக்குக் குரல் உடையும்போது யாரும் எதுவும் பேசுவதில்லை. பையன்களிடம் மனச்சோர்வு பல சமயம் எரிச்சலாக, சண்டையாக, பள்ளிக்கு மட்டம் போடுவதாக வெளிப்படும். அதைத் திமிர் என்று அடிப்பவர்கள் நோயை அடிக்கிறார்கள்.

எப்போது போக வேண்டும்

சோகமோ எரிச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, சாப்பாடு, தூக்கம், படிப்பு கெட்டால் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் விலக்குக்கு முந்தைய நாட்களில் மட்டும் மகள் உடைந்துபோகிறாள் என்றால், தேதிகளைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்ற பயம் பேராக்கில் இன்னும் போகவில்லை. 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையால் அந்த ஊரின் பெயரே இங்கு வசவாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளிநோயாளியாக வந்து பேசுவதே போதும். சாகலாம் என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். தற்கொலை முயற்சி 2023 முதல் இங்கே குற்றமல்ல, போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.