கண்ணாடிக்குள் ஒரு பேய்

மாணவ நண்பர்களே, நீங்கள் எப்போதாவது பேயைப் பார்த்ததுண்டா? "இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். வடசென்னையில் வசிப்பவர்களாக இருந்தால் பலமுறை பார்த்திருப்பீர்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. ஒரு பகல் வேளையில் அதில் ஏறிச் சன்னலருகே நின்றுகொள்ளுங்கள். வண்டி சுரங்கத்துக்குள் ஓடும்போது, சன்னலுக்கு வெளியே இருட்டில் ஓர் உருவம் உங்கள் கூடவே மிதந்து வரும். அதற்கும் உங்கள் முகந்தான், உங்கள் சட்டைதான். அதன் உடலை ஊடுருவிக்கொண்டு சுரங்கச் சுவர் ஓடும். காலடிப்பேட்டை வருமுன் வண்டி உயரமான பாலத்தின்மேல் ஏறிவிடுகிறது. மொட்டை மாடிகள் வெயிலில் தெரிகின்றன. உருவத்தைக் காணோம்!

எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. உங்கள் முகத்திலிருந்து செல்லும் ஒளியில் ஒரு சிறு பகுதியைச் சன்னல் கண்ணாடி எப்போதும் எதிரொளித்துக்கொண்டுதான் இருக்கிறது. சுரங்கத்தில் அந்தச் சிறு ஒளிக்குப் போட்டியில்லை. வெளியே வந்ததும் வெயிலொளி கண்ணாடி வழியே பாய்கிறது. அதன் முன்னே உங்கள் உருவத்தின் ஒளி எடுபடுவதில்லை. பகலில் விண்மீன்கள் தெரியாததும் இதே காரணத்தால்தான்.

இந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஒரு பேயை வரவழைக்கலாம். வேண்டுமானால் தேவதூதரையும் வரவழைக்கலாம்.

வாசலில் ஒரு பயங்கரம்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் என்ற விழாவைக் கொண்டாடுகிறார்கள். வீட்டின் முற்றத்தில் அட்டையால் கல்லறைகள் செய்து வைப்பார்கள். மரத்தில் எலும்புக்கூடு தொங்கும். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்துவந்த வழக்கம், அங்கிருந்து குடியேறியவர்களால் அமெரிக்காவில் பூசணிக்காய்க்கு மாறியது. இதற்காகப் பல வாரங்கள் உழைத்து, கையாலேயே பொறிகள் செய்து, வருவோரைத் திடுக்கிட வைப்பவர்கள் அங்கே பலருண்டு.

இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பூசணிக்காயில் பூத முகம் எழுதிக் கண் திருஷ்டிக்காக வாசலில் கட்டித் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம். ஹாலோவீனுக்கு மறுநாள், அதாவது நவம்பர் 1, கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவர் திருநாள். அதற்கும் மறுநாள் கல்லறைத் திருநாள். அன்று காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்திற்குப் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு குடும்பங்கள் வருவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

கையால் காட்சி அமைக்கும் கலையும் நம்மிடம் உண்டு. இராயபுரத்துத் தெருக்களில் டிசம்பர் மாதம் எத்தனை குடில்கள்! சாக்குத் துணியைப் பசையில் தோய்த்து மலை செய்கிறோம். கண்ணாடித் துண்டு குளமாகிறது; வைக்கோல் கூரையாகிறது. திருவொற்றியூரில் நவராத்திரிக் கொலுவுக்குக் கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் பூங்கா அமைக்கிறார்கள். கொலுவில் நரசிம்மர் தூணிலிருந்து வெளிப்பட வேண்டும். குடிலில் இடையர்களுக்கு முன் தேவதூதர் வெறும் வெளியில் தோன்ற வேண்டும். இவற்றைப் பொம்மையால் மட்டும் காட்ட முடியாது. பௌதிகம் துணைக்கு வர வேண்டும்.

லண்டனில் தோன்றிய பேய்

1858ஆம் ஆண்டில் ஹென்றி டிர்க்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், பெரிய கண்ணாடிப் பலகையைக் கொண்டு மேடையில் ஆவியைத் தோன்றச் செய்யலாம் என்று கூறினார். அவர் சொன்ன முறைக்கு நாடக அரங்கையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளர் அதை எளிதாக்கினார். 1862 டிசம்பர் 24 அன்று, லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிலையத்தில், சார்லஸ் டிக்கன்ஸின் கதையொன்றிலிருந்து எடுத்த காட்சியில் அவர் ஆவியைத் தோன்றச் செய்தார். கூட்டம் அலைமோதியது. இன்றும் அதற்குப் 'பெப்பரின் பேய்' என்றே பெயர். 1969இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடுவதும் இதே முறையில்தான்.

செய்தது இவ்வளவே. மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே ஒரு தெளிவான கண்ணாடிப் பலகையைச் சாய்வாக நிறுத்தினார்கள். பார்வையாளர்களின் கண்ணுக்குப் படாத ஒரு பள்ளத்தில், கறுப்புத் திரைக்கு முன்னே ஒரு நடிகர் நின்றார். அவர்மேல் பலத்த ஒளியைப் பாய்ச்சியதும் அவருடைய மாய பிம்பம் மேடையின் நடுவே தோன்றியது. ஒளியை மெல்லக் குறைத்ததும் பேய் கரைந்து மறைந்தது.

எவ்வளவு ஒளி வேண்டும்?

சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் எதிரொளிக்கப்படுகிறது. கண்ணாடிக்கு முன், பின் என இரண்டு பரப்புகள் உண்டு. 45 பாகை சாய்வில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 சதவீதத்தை எதிரொளிக்கின்றன. மீதி 90 சதவீதம் ஊடுருவிச் செல்கிறது.

ஆகவே, கண்ணாடிக்குப் பின்னுள்ள காட்சியின் ஒளியில் 90 பங்கும், மறைந்துள்ள பொம்மையின் ஒளியில் 10 பங்கும் நம் கண்ணுக்கு வருகின்றன. இரண்டும் ஒரே பிரகாசமாகத் தெரிய வேண்டுமானால் பொம்மைமேல் 9 மடங்கு ஒளி விழ வேண்டும். அதற்கு 9 விளக்குகள் வாங்க வேண்டாம். ஒளிச்செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் மாறும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரே மாதிரியான இரண்டு சிறு விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காட்சியிலிருந்து 90 செ.மீ. தள்ளியும், மற்றதைப் பொம்மையிலிருந்து 30 செ.மீ. தள்ளியும் வையுங்கள். தொலைவு மூன்றில் ஒன்றாகிறது. ஒளி 9 மடங்காகிறது.

செய்து பாருங்கள்

60 செ.மீ. ஆழமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறம் முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். 42 செ.மீ. நீளமும் 30 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடி அல்லது தெளிவான அக்ரிலிக் தகடு வேண்டும். கண்ணாடியானால் விளிம்புகளில் ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள். பெட்டியின் முன்புற இடது மூலையில் தொடங்கி, வலப்பக்கச் சுவரில் 30 செ.மீ. உள்ளே தள்ளி முடியுமாறு அதைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இப்போது அது உங்கள் பார்வைக்கு 45 பாகை சாய்ந்திருக்கும்.

வலப்பக்கச் சுவரில், கண்ணாடிக்கு முன்னுள்ள 30 செ.மீ. பகுதியை வெட்டித் திறந்து, அங்கே இன்னொரு கறுப்புப் பெட்டியைப் பொருத்துங்கள். அதற்குள், சுவரிலிருந்து 25 செ.மீ. தள்ளி வெள்ளைப் பொம்மையை நிறுத்துங்கள். பெட்டியின் முன்வாயை மூடி, நடுவில் மட்டும் 15 செ.மீ. சன்னல் விடுங்கள். பக்கத்து அறை யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே இது.

கண்ணாடியின் நடுவிலிருந்து பொம்மை 40 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே பிம்பமும் நடுவிலிருந்து 40 செ.மீ. பின்னால், பெட்டியின் பின்சுவருக்குச் சற்று முன்னே தோன்றும். அந்த இடத்தில் ஒரு தூணை வைத்தால் நரசிம்மர்; அட்டை மலையை வைத்தால் தேவதூதர்; கல்லறையை வைத்தால் பேய்!

உற்றுப் பார்த்தால் பேய்க்கு விளிம்பில் இன்னொரு மங்கலான பேய் தெரியும். கண்ணாடியின் இரண்டு பரப்புகளும் தனித்தனியே பிம்பம் தருவதே காரணம். 4 மி.மீ. கண்ணாடியில் இவை ஏறக்குறைய 3 மி.மீ. விலகியிருக்கும். மெல்லிய தகடானால் விலகலும் குறையும்.

திரும்பிப் பார்க்கும் முகம்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதற்குக் கண்ணாடியே வேண்டாம். ஒரு பந்தின்மேல் களிமண்ணால் முகம் செய்து, அதன்மேல் காகிதக் கூழை அப்பிக் காயவிட்டு முகமூடியாகக் கழற்றுங்கள். குழிந்த உட்புறத்துக்கு வெள்ளையடித்து, அந்தப் பக்கம் பார்ப்பவரை நோக்கியிருக்கும்படி மாட்டிக் கீழிருந்து ஒளி கொடுங்கள். சில அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடமும் வலமுமாக நடந்து பாருங்கள். அந்த முகம் உங்களையே தொடர்ந்து திரும்பும்!

முகம் அசையவில்லை. பிறந்தது முதல் நாம் கண்ட முகங்களெல்லாம் புடைத்தவை. ஆகவே குழிந்த முகத்தையும் மூளை புடைத்ததாகவே எடுத்துக்கொள்கிறது. நாம் நகரும்போது ஏற்படும் மாற்றம் அந்த எண்ணத்துக்குப் பொருந்துவதில்லை. அதைச் சரிக்கட்ட, முகம் திரும்புகிறது என்று மூளை முடிவு செய்துவிடுகிறது.

என்னை அறைந்த பேய்

இதுவரை சொன்ன பேய்களால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் இத்தகைய காட்சிகளுக்குள் மெய்யாகவே அஞ்ச வேண்டிய ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை நான் 1991 டிசம்பரில், என் பன்னிரண்டாம் வயதில், இராயபுரத்தில் எங்கள் வீட்டுக் குடிலில் சந்தித்தேன்.

குடிலைச் சுற்றிச் சீரியல் விளக்குச் சரம் கட்டியிருந்தோம். ஒரு விளக்கு பழுதாகிச் சரம் முழுவதும் அணைந்துவிட்டது. அந்த விளக்கை அகற்றிவிட்டு இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிடலாம் என்று நினைத்தேன். விளக்கு எரியவில்லை, எனவே மின்சாரம் இல்லை என்பது என் கணக்கு. ஒவ்வொன்றும் 6 வோல்ட் விளக்குதானே, என்ன செய்துவிடும் என்ற தைரியம் வேறு. அப்போதுதான் முளைப்பயிருக்குத் தண்ணீர் தெளித்திருந்த ஈரக் கைகள். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு கம்பி முனைகளையும் பிடித்தேன்.

கத்தவும் முடியவில்லை. அண்ணன் பாய்ந்து மெயினை அணைத்தார், அதனால் பிழைத்தேன். "பிள்ளையைப் பேய் அறைஞ்சிட்டுது" என்று ஆயா திருநீறு பூசாத குறையாக அழுதார்.

எந்தப் பேய் அது என்று இரண்டு ஆண்டுகள் கழித்து, பள்ளியில் தொடர்ச் சுற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது. 230 வோல்ட்டை 6 வோல்ட்டாகப் பங்கிட 38 விளக்குகளைத் தொடராக இணைத்திருந்தார்கள். அந்தப் பங்கீடு மின்னோட்டம் பாயும்போது மட்டுமே. சுற்று அறுந்ததும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் 230 வோல்ட் முழுவதும் அந்த இடைவெளியில் வந்து நிற்கிறது. அந்த இடைவெளியில் விளக்குக்குப் பதிலாக நான் நுழைந்தேன். தொடர்ச் சுற்றில் மின்தடை மிகுந்த இடத்தில்தான் மின்னழுத்தமும் மிகுதி. குளிர்ந்த விளக்கு இழைகள் அத்தனையும் சேர்ந்தாலும் சில நூறு ஓம். என் உடலோ ஆயிரக்கணக்கான ஓம். ஏறக்குறைய 230 வோல்ட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்கு, மார்பின் வழியே!

நன்கு நனைந்த தோலோடு உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிய மின்னோட்டம் மார்பின் வழியே சில நொடிகள் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துபோகக்கூடும். அதே கையால் இரண்டு பேட்டரி செல்களின் 3 வோல்ட்டைத் தொட்டால் 3 மில்லி ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் பல எல்.இ.டி. சரங்களும் நேராக 230 வோல்ட்டில் தொடராக இணைக்கப்பட்டவையே. விளக்கு சிறியதாயிற்றே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

ஆகவே, உங்கள் பேய்ப் பெட்டிக்குப் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்குகளே போதும். சரத்தைத் தொடுமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வைக்கோல், பஞ்சு, தெர்மோகோல் ஆகியவற்றின் அருகே மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

கண்ணாடிக்குள் தெரிவது அங்கே இல்லை. அறுந்த கம்பியில் இருப்பதோ தெரிவதில்லை. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணால் கண்டுகொள்ள முடியாது. கணக்குப் போட்டுத்தான் காண முடியும்.

1993ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நான் கண்ணாடிப் பெட்டி செய்து, எங்கள் குடிலில் தேவதூதரைத் தோன்றச் செய்தேன். ஆயா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியின் பின்பக்கமாகக் கையை விட்டுத் துழாவினார். "ஒண்ணுமே இல்லியேடா!" என்றார். பிறகு சிரித்தார்.

நீங்களும் செய்து பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள்: பொம்மையைக் கண்ணாடியை நோக்கி 10 செ.மீ. நகர்த்தினால், பேய் எந்தப் பக்கமாக, எவ்வளவு தூரம் நகரும்? முதலில் தாளில் படம் வரைந்து சொல்லுங்கள். பிறகு அளவுகோலால் அளந்து சரிபாருங்கள்.