பில் இல்லாத கிராபிக்ஸ் கார்டு: பழைய கணினியை மேம்படுத்துவோரின் உரிமைகள்

அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினியைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, அதில் ரேமைக் கூட்டி, கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்தி, விளையாட்டுகளுக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்வது குறைந்த வருவாயுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வழியாகும். ஆனால் இதற்கான உதிரிபாகங்கள் பெரும்பாலும் பழம்பொருள் சந்தையிலிருந்தும், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களிலிருந்தும், இணைய விற்பனைத் தளங்களிலிருந்தும் வருவதால், நல்ல சரக்கோடு கலந்துவரும் போலிச் சரக்கு முதலில் போய்ச் சேர்வது கையில் பணம் குறைவாக உள்ளவரிடமே. அவருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பு சிறிதன்று. எனினும் அப்பாதுகாப்பு பெரும்பாலும் பில் என்ற ஒரு தாளைச் சார்ந்து நிற்கிறது, மிச்சம் பிடிக்கும் ஆசையில் முதலில் கைவிடப்படுவதும் அந்தத் தாளே.

உடலுக்கும் வீட்டுக்கும் ஆபத்து விளைவிக்கக்கூடிய பாகம் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தைக் குறைந்த மின்னழுத்தமாக மாற்றிக் கணினியின் உறுப்புகளுக்குப் பிரித்தளிக்கும் மின்வழங்கி. கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டில் தான் செருகப்படும் ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரையே மின்சாரம் பெறலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மின்வழங்கியிலிருந்து 75 வாட் தரும் ஆறு முனை இணைப்போ, 150 வாட் தரும் எட்டு முனை இணைப்போ நேராக வர வேண்டும். அலுவலகக் கணினிகள் பலவற்றின் மின்வழங்கியில் இவ்விணைப்புகள் இருப்பதில்லை என்பதால், ஹார்டு டிஸ்க்குக்கு உரிய சாட்டா இணைப்பை மாற்றித்தரும் கன்வெர்ட்டர் கேபிளைச் சேர்த்து விற்றுவிடும் பழக்கம் இருக்கிறது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் தாங்கக்கூடியது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே. அதன் வழியே 150 வாட் இழுக்கப்படும்போது பிளாஸ்டிக் உருகுவதும் தீப்பிடிப்பதும் நேரக்கூடியவையே.

மின்வழங்கியின் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணையும் அப்படியே நம்பலாகாது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியர் எண்ணை 12-ஆல் பெருக்கினால் கிராபிக்ஸ் கார்டுக்கும் செயலிக்கும் உண்மையில் கிடைக்கும் திறன் தெரியும்: பெட்டியில் 450 வாட் என்றிருக்க, லேபிளில் 16 ஆம்பியர் என்றிருந்தால், கிடைப்பது 192 வாட்டே. இவ்வளவு தொல்லை வேண்டாம் என்போருக்கு, 70 வாட் மட்டுமே கொள்ளும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை, ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி இணைப்பு வேண்டாத வகைகள் போன்றவை பாதுகாப்பான தேர்வாக அமையும்.

போலிக் கார்டுகளின் கதை வேறு. 2011-இல் வந்த, 192 செயலாக்க அலகுகளே கொண்ட ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய சில்லை எடுத்து, கார்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, 768 அலகுகள் கொண்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று கணினியையே நம்பவைத்து விற்பது நெடுநாளைய மோசடியாகும். இதனைக் கண்ணாலேயே ஐயுற ஒரு வழி உண்டு: 1050 டிஐ சேர்ந்த தலைமுறைச் சில்லுகள் பழைய மானிட்டர்களுக்கான விஜிஏ வெளியீட்டைத் தாமாகத் தருவதில்லை என்பதால், அக்கார்டின் பின்புறம் நீல நிற விஜிஏ துளை இருந்தால் வாங்குபவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஜிபியூ-இசட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய கார்டுகள் பலவற்றைப் போலி என்றே எழுதிக் காட்டுகிறது. இதேபோல் ஆர்எக்ஸ் 580 கார்டில் 2304 அலகுகள் இருக்க வேண்டும்; சீனச் சந்தைக்காக வெளியிடப்பட்ட 2048 அலகு வகையும் அப்பெயரிலேயே கைமாறுகிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்னணு நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டபின், இரவுபகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. அவற்றைக் கழுவித் துடைத்துப் புதியவை எனப் பெட்டியிலிட்டு விற்போரும் உள்ளனர்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று விற்பதையும், பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் அச்சட்டத்தின் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பது குறையுள்ள பொருளை விற்றவருக்குக் கேடயமாகாது. வணிகர் எவ்வகையிலேனும் உறுதிகூறிய தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறையே என்பதால், பழைய கார்டு வாங்குபவருக்கும் இப்பாதுகாப்பு உண்டு. ‘பில் வேண்டுமானால் ஜிஎஸ்டி 18 சதவீதம் கூடும்’ என்று கடைக்காரர் சொல்லும்போது, 10,000 ரூபாய்க் கார்டில் மிச்சமாவது 1,800 ரூபாய், அதற்கு ஈடாகப் போவதோ முழுத் தொகைக்குமான சான்று. அந்தப் பில்லிலும் ‘கிராபிக்ஸ் கார்டு - 1’ என்று எழுதி வாங்குவது போதாது. மாதிரிப் பெயர், நினைவக அளவு, சீரியல் எண், புதியதா பழையதா என்பது, வாரண்டியைத் தருவது கடையா உற்பத்தியாளரா என்பது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

குறை தெரிந்தவுடன் கடைக்கு எழுத்து வடிவில், வாட்ஸ்அப்பிலேனும், தெரிவித்துவிட்டு, பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இணையத் தளத்தில் வாங்கியிருந்தால், அத்தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இன் மின்வணிக விதி. அதற்கும் அசையாதவர்மீது, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இன்றியும், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் வழக்கிடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்றாலும், சொந்தப் பிழைப்புக்காகச் சிறு விளையாட்டு மையம் நடத்துபவரைச் சட்டம் விலக்கவில்லை.

வணிகரல்லாத தனியாளிடம், விளம்பரத் தளம் வழியே பழைய கார்டு வாங்குவோருக்கு இந்த ஆணையம் பொதுவாக உதவாது. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்னும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அங்கும் பொருந்தினும், சிறு தொகைக்காக உரிமையியல் நீதிமன்றம் செல்வோர் அரிது. திட்டமிட்ட ஏமாற்று எனில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் காவல்துறையில் புகார் தரலாம். எனவே விற்பவரின் கணினியிலேயே கார்டைப் பொருத்தி, அரை மணி நேரமாவது கனமான விளையாட்டை ஓட்டி, ஜிபியூ-இசட் திரையைப் படமெடுத்துக்கொண்டு, அதன்பின் பணம் தருவதே முறை. முன்பணம் பெற்றுக்கொண்டு விற்பவர் மறைந்துவிட்டால், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன் புகார் சென்றால்தான் வங்கியால் அதை நிறுத்திவைக்க இயலும்.