உங்களுக்குத் தெரியுமா? குழந்தை தானே போய் முறையிடலாம்!

ஓசூர் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் தொடங்கிவிடும். செங்கல் சூளை, கல்குவாரி, கட்டட வேலை என்று பிழைப்புத் தேடி வரும் குடும்பங்களோடு பிள்ளைகளும் இந்த எல்லைக்கு வந்து சேர்கிறார்கள். தனியே தவிக்கும் அல்லது வேலையில் சிக்கிய பிள்ளையைக் கண்டால், "வேற மாநிலத்துப் பிள்ளையாச்சே" என்று தயங்க வேண்டாம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். போலீசார்தான் என்றில்லை, செவிலியர், சமூக சேவகர், அக்கறையுள்ள எவரும் அழைத்துப் போகலாம். ஏன், அந்தக் குழந்தையே போய் நிற்கலாம்! இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். சொந்த ஊர் எங்கோ இருந்தால், விசாரித்து அந்த ஊர்க் குழுவிடம் ஒப்படைப்பார்கள்.

14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சுரங்கம் போன்ற ஆபத்தான வேலைகளில் 18 வயது வரை தடை.

உதவிக்கு 1098. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.