உங்களுக்குத் தெரியுமா? ஒரு சுற்றுகூட ஓட்டாமல் போன லெ மான்

பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் முதல் இந்தியராகக் களமிறங்க வேண்டியவர் கோவை நரேன் கார்த்திகேயன். 2009-ல் ஒரு சுற்றுகூட ஓட்டாமல் வெளியேறினார். காரில் ஒரு கோளாறும் இல்லை! பந்தயம் தொடங்கச் சற்று முன் பிட் சுவரிலிருந்து குதித்தவர், தடுமாறி விழுந்தார். தோள்மூட்டு விலகிவிட்டது. டாக்டர்கள் விடவில்லை.

• மூன்று பேர் மாறி மாறி ஓட்ட வேண்டிய டீசல் ஆடி ஆர்10 காரை, ஆந்த்ரே லோட்டரரும் சார்லஸ் ஸ்வோல்ஸ்மனும் இரண்டே பேராக ஓட்டி 7-ம் இடம் பிடித்தார்கள். லோட்டரருக்கு அதுதான் முதல் லெ மான். பிறகு 2011, 2012, 2014 என மூன்று முறை பட்டம் வென்றார்.

• 'முதல் இந்தியர்' பெருமை 2012-ல் சென்னையின் கருண் சந்தோக்குக்குப் போனது. அவர் அணிக்கு 6-ம் இடம்.

• கடைசி நிமிடச் சோகத்தில் யாரும் மிஞ்ச முடியாதது 2016 லெ மானில் டொயோட்டாவுக்கு நேர்ந்தது. முதலிடத்தில் இருந்த கார், முடிய சுமார் 3 நிமிடம் இருக்கும்போது எல்லைக்கோட்டருகே நின்றுவிட்டது. இரண்டாம் இடமாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. கடைசிச் சுற்றை 6 நிமிடத்துக்குள் முடிக்காததால் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. கடந்துபோய் ஜெயித்த போர்ஷேயை ஓட்டிக்கொண்டிருந்தவர் சுவிட்சர்லாந்தின் நீல் ஜானி. தந்தை வழியில் இந்திய வம்சாவளி!