நெறி கட்டுவது ஏன்?

மாணவர்களே! நீங்கள் மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எறணாகுளம் சென்று, பிராட்வே கடைத்தெருவில் பெற்றோருடன் நடந்திருப்பீர்கள். அங்கு வாங்கிய புதுச் செருப்பை அணிந்து நடந்தால், சில வேளைகளில் அது குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். புண் இருப்பது குதிகாலில். ஆனால் இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் சிறு கட்டி ஒன்று தோன்றும், தொட்டால் வலிக்கும். அதனைக் கண்ட பாட்டி, "நெறி கட்டியிருக்கிறது. முதலில் காலைக் கழுவி, புண்ணுக்கு மருந்து போடு" என்பார். அண்டைவீட்டு மலையாளப் பெரியவர் அதனையே "கழல" என்பார். கட்டியைக் குறிக்கும் கழலை என்னும் சொல் தமிழிலும் உண்டு.

புண் ஓரிடத்தில், கட்டி வேறோரிடத்தில். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு? அதனை இப்பாடத்தில் அறிவோம்.

நிணநீரும் அதன் பாதையும்

நம் உடலில் குருதி நுண்குழாய்களின் வழியே ஓடும்போது, அதன் நீர்ப்பகுதி சிறிது சிறிதாக வெளியே கசிகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீர் இவ்வாறு கசிகின்றது. அதில் பெரும்பகுதி உடனுக்குடன் குருதிக் குழாய்களுக்குள் திரும்பிவிடுகிறது. எஞ்சிய 3 லிட்டர் அளவு நீரைத் தனியான மெல்லிய குழாய்கள் சேகரித்துக் கொண்டு செல்கின்றன. இந்நீரே நிணநீர் எனப்படும். அதனைச் சுமக்கும் குழாய்கள் நிணநீர்க் குழாய்கள் எனப்படும்.

குருதியைச் செலுத்த இதயம் உண்டு. நிணநீரைச் செலுத்த அத்தகைய தனியுறுப்பு இல்லை. குழாய்ச் சுவர்கள் சுருங்குவதாலும், நாம் நடக்கும்போதும் மூச்சுவிடும்போதும் தசைகள் அழுத்துவதாலும் அது மெல்ல மேலேறுகிறது. அது கீழிறங்கிவிடாதபடி குழாய்களுக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற அடைப்பிதழ்கள் உள்ளன. இறுதியில் நிணநீர் கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள பெரிய சிரைகளை அடைந்து, மீண்டும் குருதியுடன் கலக்கிறது.

கணுவின் அமைப்பு

தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டு வழியாகப் பேருந்தில் வரும்போது வாளையாரில் சோதனைச் சாவடியைக் கண்டிருப்பீர்கள். நிணநீரின் பாதையிலும் இத்தகைய சாவடிகள் உள்ளன. அவையே நிணநீர்க்கணுக்கள். ஒரு மனிதரின் உடலில் ஏறத்தாழ 600 கணுக்கள் இருக்கின்றன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிற்றின் உட்பகுதி ஆகிய இடங்களில் அவை கூட்டமாக அமைந்துள்ளன.

கணு அவரைவிதையின் வடிவம் உடையது. அதனைச் சுற்றி உறுதியான உறை ஒன்று உண்டு. புடைத்த பக்கத்தில் பல குழாய்கள் நிணநீரை உள்ளே கொண்டு வருகின்றன. குழிந்த பக்கத்தில் ஒன்றிரண்டு குழாய்களே அதனை வெளியே கொண்டு செல்கின்றன. வரும் வழிகள் பல, போகும் வழிகள் சில. ஆகவே நிணநீர் கணுவுக்குள் விரைவு குறைந்து செல்கிறது. நின்று சோதிக்க அதுவே வாய்ப்பாகிறது.

கணுவின் உள்ளே மூன்று பகுதிகள் உள்ளன. வெளிப்புறப் பகுதியில் பி-செல்கள் உருண்டைத் திரள்களாகத் தங்கியிருக்கின்றன. அதற்கு அடுத்த பகுதி டி-செல்களின் இருப்பிடம். நடுப்பகுதியில் கிருமிகளை விழுங்கும் செல்களும், எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களும் இருக்கின்றன.

கணுவின் காவற்பணி

குதிகாற்புண் வழியே கிருமி நுழைகிறது. தோலிலுள்ள கிளைச்செல்கள் அக்கிருமியைப் பற்றிச் சிதைத்து, அதன் துணுக்கை ஏந்திக்கொண்டு நிணநீரில் பயணம் செய்து கணுவை அடைகின்றன. அங்கே அத்துணுக்கை டி-செல்களுக்குக் காட்டுகின்றன. ஒவ்வொரு டி-செல்லும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டுமே அறியவல்லது. ஆகையால் எண்ணற்ற செல்கள் பார்த்துவிட்டு அப்பாற் செல்லும். பொருத்தமான ஒன்று வந்ததும் அது பன்மடங்காகப் பெருகும்; பி-செல்களையும் தூண்டும். தூண்டப்பட்ட பி-செல்கள் அக்கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன.

செல்கள் இவ்வாறு பெருகுவதால் கணு வீங்குகிறது. அதன் உறை இழுபடுவதால் வலிக்கிறது. நெறி கட்டுதல் என்பது இதுவே. நோய் கணுவில் தோன்றவில்லை. காலில் நுழைந்த கிருமியைக் கணு எதிர்க்கிறது. கட்டியைத் தேய்க்காமல் புண்ணைக் கழுவச் சொன்ன பாட்டியின் அறிவுரை எவ்வளவு பொருத்தமானது!

போர் முடிந்தபின் பெரும்பாலான செல்கள் மடிந்துவிடுகின்றன. சில மட்டும் நினைவுச் செல்களாக நெடுங்காலம் வாழ்கின்றன. அதே கிருமி மீண்டும் வந்தால் அவை விரைந்து செயற்படும். தடுப்பூசி இந்நினைவை நோயின்றியே உண்டாக்குகிறது. கையில் தடுப்பூசி இட்டபின் சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவதும் இதனாலேயே.

கொச்சிக் கால்

நிணநீர்ப் பாதை பழுதுபட்டால் என்ன நேரும் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. யானைக்கால் நோயை முற்காலத்து ஐரோப்பியர் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். அந்த அளவுக்கு இக்கடற்கரையில் அந்நோய் பரவியிருந்தது. ஊரார் தண்ணீரையும் காற்றையும் குறை கூறினர். உண்மையான காரணம் நூலிழை போன்ற புழுக்களே. 1877 ஆம் ஆண்டில் சீனாவின் அமாய் நகரில் பணிபுரிந்த மருத்துவர் பேட்ரிக் மேன்சன், இப்புழுவின் இளம்பருவம் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார்.

கொசுக்கடியால் உடலுக்குள் புகும் புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் தங்குகின்றன. குழாய்கள் விரிந்து, அடைப்பிதழ்கள் செயலிழக்கின்றன. நிணநீர் மேலேற வழியின்றிக் காலில் தேங்குகிறது. காவற்செல்களும் உரிய இடத்தை அடைவதில்லை. ஆகவே சிறு புண்ணும் பெருந்துன்பமாகிறது.

இந்தியாவில் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955 இல் தொடங்கப்பட்டது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மாத்திரைகள் வழங்கப்பட்டன. கொச்சிக்குத் தெற்கேயுள்ள சேர்த்தலையில், குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை போன்ற செடிகளை ஒட்டி ஒருவகைக் கொசு வளர்ந்தது. புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் 1980-களில் அவ்வூர் மக்களுடன் இணைந்து அச்செடிகளை அகற்றும் பணியில் ஈடுபட்டனர்.

யானைக்கால் நோய் தொடுவதால் பரவாது. அந்நோயுடையவரைக் கண்டு விலகுவது அறியாமை. அவர் அருகில் அமர்வதே பண்பு. நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உயர்த்தி வைத்தால் அவருடைய துன்பம் பெரிதும் குறையும்.

நினைவிற் கொள்க

நெறி கட்டுதல் பெரும்பாலும் சில நாள்களில் தணிந்துவிடும். இரண்டு வாரங்களுக்கு மேலும் வீக்கம் வற்றாவிடினும், கட்டி கல்போல் இறுகினாலும், காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கழுத்தில் வரிசையாகத் தோன்றும் வீக்கத்தை முன்னோர் கண்டமாலை என்றனர். காசநோயாலும் அது வரக்கூடும்; காசநோய் மருந்தால் குணமாகும். ஆகவே வீக்கத்தைக் கண்டால் மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

அருஞ்சொற்பொருள்

கணு – முடிச்சு
சிரை – இதயத்துக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்
எதிர்ப்பொருள் – கிருமியை எதிர்க்க உடலில் சுரக்கும் பொருள்
நோய்க்கடத்தி – நோயைப் பரப்பும் கொசு முதலிய உயிரி

பயிற்சி

1. இதயத்தின் துணையின்றி நிணநீர் எவ்வாறு மேலேறுகிறது?
2. கணுவுக்குள் வரும் குழாய்கள் பலவாகவும் செல்லும் குழாய்கள் சிலவாகவும் இருப்பதன் பயன் யாது?
3. "நோய் கணுவில் தோன்றவில்லை" – இத்தொடரை விளக்குக.
4. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, உடல்நலம் பற்றிய ஐந்து தமிழ்ச் சொற்களையும் அவற்றுக்கு இணையான மலையாளச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதுக.