அமானத்தும் சொட்டு மருந்தும்

அமானத்துகளை அவற்றிற்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் 58-ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா கட்டளையிடுகின்றான். அமானத் என்றவுடன், அண்டை வீட்டார் நம்மிடம் கொடுத்து வைத்த நகையும் பணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிணியுற்ற பிள்ளையை ஒரு தாய் மருத்துவரின் கரங்களில் ஒப்படைக்கின்றாளே, அதனினும் பெரிய அமானத் வேறு எது? அதில் ஐயம் புகுந்துவிட்டால் எத்தகைய துன்பங்கள் தொடரும் என்பதற்கு, ஆப்பிரிக்காவின் கானோ நகர வரலாறு கண்கண்ட சான்றாக விளங்குகின்றது.

கானோ, நைஜீரிய நாட்டின் வடபகுதியில் முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் பழம்பெரும் வாணிப நகரம். 1996-ஆம் ஆண்டு அங்கு மெனிஞ்சைட்டிஸ் எனும் மூளையுறைக் காய்ச்சல் கொள்ளை நோயாகப் பரவியது. அவ்வேளையில் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம், டிரோவன் என்னும் தன் புதிய மருந்தை அந்நகர மருத்துவமனையில் சோதித்தது. ஏறத்தாழ 200 குழந்தைகளுள் பாதிப் பேருக்குப் புதிய மருந்தும், மறுபாதியினருக்கு முன்பே வழக்கில் இருந்த மருந்தும் கொடுக்கப்பட்டன. இரு பிரிவிலுமாக 11 குழந்தைகள் மரணமடைந்தனர். இது சோதனை என்பதே தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். வாய்மொழிச் சம்மதம் பெறப்பட்டது, மரணங்களுக்கு நோயே காரணம் என்று நிறுவனம் வாதிட்டது. முடிவில் 2009-ஆம் ஆண்டு, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 7 கோடியே 50 இலட்சம் டாலர் வழங்கக் கானோ மாநில அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டது.

நோயாளியின் அனுமதியின்றி, அவர் சிறு பிள்ளையாயின் அவருடைய வலீயின் அனுமதியின்றி, சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் மருத்துவரே அதற்குப் பொறுப்பாளி என்று ஃபிக்ஹு மேதைகளுள் பெரும்பாலோர் கூறியுள்ளனர். விளக்கம் பெறாமல் தலையசைப்பது உண்மையான அனுமதி ஆகுமா என்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

கானோ மக்களின் மனக்காயம் ஆறவில்லை. 2003-ஆம் ஆண்டு, இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் போலியோ சொட்டு மருந்தில், பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற வதந்தி அங்கு எழுந்தது. சமயத் தலைவர்கள் சிலரும் அதை வழிமொழிந்தனர். மாநில அரசு சொட்டு மருந்தை நிறுத்தியது. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்து வருவிக்கப்பட்ட பின்னரே, 2004 ஜூலையில் அப்பணி மீண்டும் தொடங்கிற்று.

அதற்குள் கிருமி எல்லை கடந்துவிட்டது. வட நைஜீரியாவில் பெருகிய அக்கிருமி பல நாடுகளுக்குப் பரவி, 2005-இல் ஏமனையும், பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த இந்தோனேசியாவையும் எட்டியது. இந்தோனேசியாவில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோர் வாதத்தால் முடங்கினர். கானோவின் அச்சம் தீர மருந்து அனுப்பிய நாட்டின் பிள்ளைகளே அந்த அச்சத்தின் விலையைக் கொடுக்க நேர்ந்தது!

கானோ பெற்றோரின் வேதனையை நாம் எளிதாக எண்ணிவிட முடியாது. எனினும், ஒருவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் நம்பி, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த வேண்டாம் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நம்மை எச்சரிக்கின்றது. மருத்துவருக்கு அமானத் கடமையென்றால், செய்தியைப் பரப்புவோருக்கு விசாரணை கடமை. மிம்பரில் நின்று பேசும் ஆலிமுக்கு அக்கடமை இருமடங்கு.

இழந்த நம்பிக்கையை மீட்டவர்களும் மார்க்கத் தலைவர்களே. சொக்கோட்டோ சுல்தானும் வடபுல அமீர்களும் ஆலிம்களும் மக்களிடையே இறங்கிப் பணியாற்றினர். 2020 ஆகஸ்டு 25 அன்று, ஆப்பிரிக்க வட்டாரம் இயற்கைப் போலியோ கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டிலும், உத்தரப் பிரதேசத்தில் இதே வதந்தி உலவியபோது, உலமாக்களும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் முன்வந்து அதை அகற்ற உதவினர். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் எந்தக் குழந்தையும் முடங்கவில்லை.

1987-ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி மூளையுறைக் காய்ச்சல் பரவிய பின்னர், ஹாஜிகள் அனைவருக்கும் அதற்கான தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் போட்டுக்கொண்டே புனிதப் பயணம் புறப்படுகின்றனர். தனக்கு மட்டுமின்றி, அரஃபாத் திடலில் தோளோடு தோள் நிற்கும் பிற நாட்டுச் சகோதரனுக்கும் அது பாதுகாப்பு. பள்ளிப் பிள்ளைக்குப் போடப்படும் ஊசியும் அத்தகையதே.

ஆகவே, மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள்: இது என்ன மருந்து, எதற்காக, என்ன பக்க விளைவு? கேட்பது நம் உரிமை. பொறுமையாக விளக்குவது அவர் கடமை. ஐயம் பரவும் ஊர்களில் ஜமாஅத்தார் நல்ல மருத்துவர் ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து விளக்கம் பெறட்டும். அமானத்தைப் பேணுவோராகவும், செய்தியை ஆராய்ந்து ஏற்போராகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.