பன்னிரண்டு மாதமும் கொடைக்கானல் ஏரி

சித்திரை வெயில் மதுரைத் தெருக்களில் அனல் வீசத் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக மலையேறி, படகுக்கு நீண்ட வரிசையில் காத்து நின்று, திரும்புகாலில் மலைப்பாதையில் வண்டி நகராமல் மணிக்கணக்கில் அவஸ்தைப்பட்டு வீடு வந்து சேருகிறவர்கள், கொடைக்கானலைப் பார்த்துவிட்டோம் என்று திருப்தியோடு சொல்லிக்கொள்வதை ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம். அவர்கள் பார்த்தது கொடைக்கானலைத்தான். ஆனால் அந்த மலையும் அதன் ஏரியும் மனிதர்க்கு மிகக் குறைவாக முகங்கொடுக்கும் மாதத்தில் அவற்றைப் பார்த்தார்கள் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் உள்ள அந்த ஏரியை இயற்கையின் சிருஷ்டி என்று எண்ணுகிறவர்கள் பலர். உண்மையில் அங்கே முன்பு இருந்தது ஓடைகள் வந்து தேங்கிய ஒரு சதுப்பு நிலமே. மதுரை ஜில்லாவின் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் அந்த ஓடைநீரைக் கரை கட்டித் தேக்கி, மீன்களையும் விட்டு வளர்த்து, தூத்துக்குடியிலிருந்து முதல் படகையும் தருவித்தார். மோட்டார் பாதை மலைமேல் வந்து சேர்ந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதற்கு முன் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மனிதர் தோளிலும் குதிரை முதுகிலுமே ஆட்களும் பொருள்களும் ஏறிச் சென்றன என்பதை நினைத்தால், கடற்கரைப் பட்டினத்துப் படகு ஒன்று அந்தச் சிகரத்தை எட்டியதன் பின்னே எத்தனை பேருடைய பிரயாசை இருந்திருக்க வேண்டும் என்று வியக்கத் தோன்றுகிறது.

சுற்றியிருந்த குன்றுகளின் இடுக்குகளிலெல்லாம் நீர் புகுந்து நிறைந்தபடியால், விரல்களை விரித்து வைத்த உள்ளங்கை போன்ற வடிவம் ஏரிக்கு அமைந்துவிட்டது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர்தான் என்றாலும், கரையின் எந்த இடத்தில் நின்றாலும் முழு ஏரியும் கண்ணுக்கு அகப்படுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் புதியதொரு நீர்ப்பரப்பு எதிர்ப்படுகிறது. ஆகவே இதைக் காணும் முறை, சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள கரைச்சாலையில் நடந்து ஒருமுறை வலம் வருவதே. சைக்கிளும் குதிரையும் வாடகைக்குக் கிடைக்கும், படகுகளும் உண்டு. எனினும் கால்நடையாகச் செல்பவருக்கு வாய்க்கும் நிதானம் வேறெதிலும் வாய்ப்பதில்லை. ஏரி நிரம்பி வழியும் நீர்தான், வத்தலக்குண்டிலிருந்து மேலேறும் சாலையோரத்தில் 180 அடி உயரத்திலிருந்து விழும் வெள்ளி நீர்வீழ்ச்சி என்பதை, அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்பவர்களில் பலர் அறியார்.

பருவங்களைப் பற்றிச் சொல்கிறேன். மே மாதத்திற்கும் ஒரு சிறப்பு உண்டு: ஏரிக்கு அருகே, 1908-ல் தொடங்கப்பட்ட பிரையண்ட் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடப்பது அப்போதுதான். சமவெளி வெந்துகொண்டிருக்கையில் இங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்த மாதத்தில் வருவதைத் தவிர்க்க இயலாதவர்கள் விடியற்காலையில் எழுந்து, கூட்டம் திரளுமுன் கரையை ஒரு சுற்று சுற்றிவிடுவது உத்தமம்.

தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் காட்சி அடியோடு மாறுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து, ஏரியின் ஒரு பாதியை மறைத்து மறுபாதியைக் காட்டி, சற்று நேரத்தில் இரண்டையும் விழுங்கிவிடும். 1872-ல் மலைச்சரிவின் விளிம்பில் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதையில், சூரியன் முதுகுப்புறம் இருந்து எதிரே பனிமூட்டம் திரண்டிருக்கும் அபூர்வமான தருணங்களில், தன்னுடைய நிழலே பூதாகாரமாக மேகத்தின்மேல் விழுந்து, அதன் சிரசைச் சுற்றி வானவில் நிறத்தில் ஓர் ஒளிவட்டம் தோன்றுவதைக் காணலாம். மேகத்திலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் சூரிய ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் விளையும் அற்புதம் இது. அருகருகே இருவர் நின்றாலும் ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றி மட்டுமே அந்த வட்டத்தைக் காண்பர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்து மலைச்சரிவுகள் நீலமாவதும் ஏறக்குறைய இந்தப் பருவத்தை ஒட்டியே. 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். மலைப்பாதையில் மண் சரிவதுண்டு. புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் பிரயாணத்தை ஒத்திவைப்பதே விவேகம்.

மார்கழி பிறந்து மழை ஓய்ந்தபின் மாசி வரையில் உள்ள நாட்களே ஏரியின் பொற்காலம். இரவில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கி, சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். நீர்ப்பரப்பிலிருந்து ஆவி எழும். பொழுது ஏற ஏற ஆகாயம் நிர்மலமாகி, இதமான வெயிலில் எத்தனை தூரம் நடந்தாலும் களைப்பே தோன்றாது. 1899 முதல் இயங்கிவரும் சூரிய ஆராய்ச்சிக்கூடம் இந்த மலையில்தான் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இங்கேதான். ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்ப்பது நலம்.

இத்தனை சௌந்தர்யத்துக்கும் ஆதாரம் சோலைக்காடும் புல்வெளியும். பெய்த மழையைத் தம் மண்ணில் வாங்கி வைத்து, மழையற்ற மாதங்களிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பவை அவையே. புல்வெளிகளில் பெரும்பகுதி, யூகலிப்டஸும் சீகையும் பைனும் நடப்பட்டதால் மறைந்துவிட்டது. ஊரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் பாதரசக் கழிவால் மண்ணும் நீரும் கெட்டதாகப் பெரும் புகார் எழுந்து, 2001-ல் அது மூடப்பட்ட துயரமும் அண்மைச் சரித்திரமே. இவ்வளவையும் தாங்கி நிற்கும் நீர்நிலையில் பிளாஸ்டிக் குப்பியை எறிவது மன்னிக்கத் தகாத செயல்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே மலையேற வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது தேதியைத் தேர்ந்தெடுப்பவர் நீங்களே. குழந்தைகளின் பள்ளி விடுமுறை இடங்கொடுக்குமானால், தை மாதத்தில் ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். கையில் ஒரு கம்பளியும் குடிநீருக்கு ஓர் எவர்சில்வர் பாத்திரமும் எடுத்துச் செல்லுங்கள்.